காமாயி பேர் ஒட்டிய காய்

“எனக்கு வெளைய வெக்கத் தெரியும். விக்கத் தெரியல. அதை மட்டும் சொல்லிக் குடுங்க டீச்சரம்மா.”

குருவைத் தேடுகிறவர்கள் மலை ஏறுவார்கள். சடையாண்டி மலை இறங்கி வந்திருந்தார்.

அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. ஆக்னஸ் டீச்சர் அவரைவிட இருபது வயதாவது சின்னவர். மலையடிவாரத்தில், ஓடாத நெல் மில் ஒன்றின் பின்கட்டில், பழமும் காயும் விளைவிக்கிறவர்களுக்கு விற்கக் கற்றுக்கொடுத்தார். சௌசௌ விற்கத் தெரியாமல் வந்தவர்கள் தெரிந்துகொண்டு போனார்கள். பிளம்ஸ்காரர்கள் வந்து தங்கிப் படித்துவிட்டுப் போனார்கள்.

விற்பனை சொல்லித்தருகிறவர் என்றால் வாய் ஓயாத ஆளாக இருப்பார் என்று சடையாண்டி நினைத்திருந்தார். டீச்சர் அப்படி இல்லை. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

“என்ன வெளையுதுங்கண்ணே?”

“பட்டர் ஃப்ரூட்.”

வெண்ணெய்ப்பழம் என்று புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம். மலையில் போய்ச் சொன்னால் எவருக்கும் புரியாது. காப்பிச் செடிக்கு நிழலுக்காக நட்ட மரம் அது. நட்டவர்கள் அதில் காய்ப்பதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பட்டணத்தார் தேடி வந்து கேட்ட பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள்.

“விக்கலையா?”

“வித்துச்சு. பெங்களூர்க்காரர் வருசா வருசம் வண்டி அனுப்புவாரு. இப்ப போனையே எடுக்க மாட்டேங்கறாரு. மதுரைக்கு அனுப்பிச்சேன். ஒருதடவ வாங்குனாங்க. மறுதடவ வேண்டாம்னுட்டாங்க.”

“ஏனாம்?”

“சரக்கு சரியில்லையாம். நீங்களே பாருங்க. இதுல என்ன கொறை?”

பையிலிருந்து ஒரு காயை எடுத்து வைத்தார். கரும்பச்சை. எண்ணெய் தேய்த்ததுபோல மினுமினுத்தது. உண்மையில் கண்ணுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

“இப்ப விக்காட்டி என்ன ஆகும்?” என்றார் டீச்சர்.



“மகன் மரத்த வெட்டணும்ங்கறான். வெட்டிட்டு மொளகு போடலாம்ங்கறான். மரம் வெட்டற ஆளு வந்து சுண்ணாம்புல குறி வெச்சுட்டுப் போயிட்டான். வர்ற வெள்ளி போயி அடுத்த வெள்ளிக்கு வாளோட வந்துருவான்.”

“வெட்டட்டுமே.”

“எம் சம்சாரம் தண்ணி சொமந்து வளத்த மரம்மா அது. கீழ ஓடையில இருந்து தலையில வெச்சு ஏத்துனா. அவ போயிட்டா. அந்த மரம்தான் நிக்குது.”

டீச்சர் காயைக் கையில் எடுத்தார். அதன் மேல் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. “காமாயி தோட்டம்” என்று அச்சிட்டிருந்தது.

“காமாயி அவங்களா?”

“ஆமா. போன வருசம் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். பொருளுக்கு ஒரு பேர் வைங்க, அந்தப் பேரே பேசும்னாங்க. எனக்கு வேற பேரு தோணல.”

டீச்சர் காயை இரண்டு கையாலும் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தார். பெயர் அறையைப் பார்க்கும்படி வைத்தார்.

“இது பழுக்கட்டும். பழுத்ததும் சொல்லித் தர்றேன்.”

“எத்தன நாள் ஆகும்னு தெரியலீங்களே.”

“உங்க பழம். உங்களுக்குத் தெரியாதா?”

“அஞ்சாறு நாளு ஆகும்னு சொல்லுவாங்க.”

“யாரு?”

“வாங்கறவங்க.”



*

அந்தத் தடவை வகுப்பில் இருந்தவர்களில் பூண்டு விளைவிக்கிற ராமையாவும் ஒருவர். எதற்கும் சிரிக்கிற மனிதர். எல்லோருடைய நாற்காலியும் கரும்பலகையைப் பார்த்து இருந்தது. சடையாண்டியின் நாற்காலியை மட்டும் டீச்சர் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டார்.

“என்னண்ணே, நீங்க பழத்துக்குப் பாடம் நடத்தறீங்களா, பழம் உங்களுக்கு நடத்துதா?” என்றார் ராமையா.

முதுகுக்குப் பின்னால் பாடம் நடந்தது. தரம் பிரிப்பது எப்படி, நசுங்காமல் அடுக்குவது எப்படி, கடைக்காரரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது. எல்லாம் சடையாண்டியின் காதில் விழுந்தது. கண்முன்னால் காய் உட்கார்ந்திருந்தது.

அவருக்குக் கோபம் வந்தது. உள்ளதைச் சொன்னால் அவமானமாக இருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?

“எனக்கு ஒண்ணும் சொல்லித்தர மாட்டீங்களா?” என்று கேட்டார்.

“பழுத்துடுச்சா?”

“இல்ல.”

“சரிங்கண்ணே.” டீச்சர் கரும்பலகைக்குத் திரும்பிவிட்டார்.

*

ராமையாவைச் சந்தைக்கு அனுப்பினார் டீச்சர். யார் என்று சொல்லிக்கொள்ளாமல், அவருடைய ஊர்ப் பூண்டையே காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னார்.

ராமையா கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். அந்த மனிதருக்குக் கோபம் வரும் என்பதே அன்றுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

“எங்க ஊரு பூண்டுன்னு சொல்லி வேற பூண்ட கலந்து விக்கறானுங்க.”

“பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கு?” என்றார் டீச்சர்.

“பாத்தா இருக்கும். ஒரு பல்லக் கடிச்சா தெரிஞ்சு போயிருமே. எம் பூண்டு எனக்குத் தெரியாதா?”

ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சடையாண்டிக்கு அந்தப் பேச்சு எங்கேயோ குத்தியது. ஏன் என்று தெரியவில்லை.

*

காய் பழுக்கவில்லை. காம்பு இருந்த இடத்தில் முதலில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு கழுத்து முழுவதும் சுருங்கியது. மினுமினுப்பு போய்த் தோல் கறுத்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை.

ஸ்டிக்கரும் கூடவே சுருங்கியது. காமாயி என்ற எழுத்து நடுவில் மடிந்து, ஓரம் தூக்கிக்கொண்டது.

சடையாண்டி பெருவிரலால் அதை அழுத்தி ஒட்டினார். நிற்கவில்லை. எச்சில் தொட்டு ஒட்டினார். நிற்கவில்லை. பிறகு யாரும் பார்க்காதபோது, பெயர் வெளிப்பக்கம் போகும்படி காயைத் திருப்பி வைத்தார்.

காலையில் பார்த்தபோது அது மறுபடி அறையைப் பார்த்து இருந்தது. டீச்சர் கூட்டிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

“இங்க வெக்கை ஜாஸ்திம்மா. அதான் இப்படி ஆகுது. மலையில வெச்சிருந்தா இப்படி ஆகாது.”

“வாங்கறவங்க மலையிலயா இருக்காங்க?”

“இல்ல. கீழதான்.”

டீச்சர் குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே போனார்.

*

புதன்கிழமை காலை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், ஒரு தட்டையும் கத்தியையும் ஸ்பூனையும் டீச்சர் கொண்டுவந்து வைத்தார்.

“பழுத்துடுச்சாண்ணே?”

சடையாண்டி காயை அமுக்கிப் பார்த்தார்.

“தெரியலம்மா.”

“அறுங்க.”

கத்தி இறங்கவில்லை. செருப்புத் தோலை அறுப்பதுபோல இழுத்து இழுத்து அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே சதை வெளிறிப்போய்க் கொட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பூன் அதில் பதியவே இல்லை. ஒரு துண்டைக் கத்தியால் நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ரொம்ப நேரம் மென்றார்.

“எப்படி இருக்கு?”

சடையாண்டி விழுங்கினார்.

“இது இப்படித்தான் இருக்குமா, இல்ல கெட்டுப்போச்சான்னு தெரியல. நான் இத தின்னதில்ல.”

ராமையா சிரிக்க ஆரம்பித்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“ஒருதடவகூடவா?”

“எங்க பக்கம் யாரும் திங்க மாட்டோம். இது மரத்துல பழுக்காது. பறிச்சு வெச்சாத்தான் பழுக்கும். பறிக்கறப்ப எப்பவும் கல்லாட்டம்தான் இருக்கும். அது எளசா முத்தலான்னு யாரு பாக்கறது? நல்லா மினுக்கமா இருக்கப்பவே ஏத்திவிட்டாத்தான் மவுசு. வண்டி ஏறிடுச்சுன்னா அதுக்கப்பறம் நாங்க அதப் பாக்கறதில்ல.”

“வீட்டுல ஒருத்தருமே தின்னதில்லையா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை.



“அவ திம்பா,” என்றார் சடையாண்டி.

“யாரு?”

“காமாயி.”

சடையாண்டி கத்தியைக் கீழே வைத்தார்.

“தொரட்டிக்கு எட்டாம சில காய் உச்சியில நின்னுபோகும். எல்லாம் பறிச்சு முடிஞ்சு, மழையும் விட்டதுக்கப்பறம் பாத்தா, மினுக்கமெல்லாம் போயி மங்கலாத் தொங்கும். ஆள ஏத்திவிட்டு அதப் பறிப்பா. காதுக்கிட்ட வெச்சு ஆட்டிப் பாப்பா. அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வெப்பா.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒருநா எடுத்து அறுப்பா. நாட்டுச்சக்கரை தூவித் திம்பா. வெண்ணெயாட்டம் இருக்கு, ஒரு வாய் தின்னு பாருங்கன்னு கரண்டிய நீட்டுவா.”

“நீங்க?”

“பன்னிக்குக் கொட்டறத மனுசன் திம்பானாடின்னு சிரிப்பேன்.”

ஒவ்வொரு வருடமும் அவள் கரண்டியை நீட்டினாள், ஒவ்வொரு வருடமும் அவர் சிரித்தார். ஒரு வாய் வாங்கியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று இப்போது தோன்றியது. இப்போது தோன்றி என்ன செய்ய?

தட்டில் கிடந்த காயைப் பார்த்தார். மடிந்துபோன பெயரைப் பார்த்தார். இதே பெயர் எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த வீட்டு ஜன்னலிலோ, இதே மாதிரி சுருங்கியிருக்கும். யார் யாரோ கத்தியை இழுத்து இழுத்து அறுத்திருப்பார்கள். இந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போட்டிருப்பார்கள்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராமையா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

டீச்சர் ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தார். கிழியாமல் எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதைச் சடையாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

சடையாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்த காரியம் ஞாபகத்துக்கு வந்தது.

“விக்கச் சொல்லித் தர்றேன்னீங்களே?”

“மலைக்குப் போற பஸ் கெளம்பிடும்ணே. நேரமாச்சு.”

*

வீட்டு முற்றத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மகன் தவசி எங்கேயோ புதிதாக ஒரு வியாபாரியைப் பிடித்திருந்தான். மரம் போகும் முன்னால் இருப்பதை எல்லாம் பறித்துத் தள்ளிவிடலாம் என்பது அவன் கணக்கு. எல்லாக் காயும் மினுமினுத்தன. எல்லாக் காயிலும் காமாயி தோட்டம்.

சடையாண்டி கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு காயாக எடுத்துப் பெயரை உரிக்க ஆரம்பித்தார்.

“என்னப்பா பண்றீங்க? சாயந்திரம் வண்டி வருது.”

“வர வேண்டாம்னு சொல்லிடு.”

“விக்கக் கத்துக்கப் போன எடத்துல பேர உரிக்கவா சொல்லிக்குடுத்தாங்க?”

சடையாண்டி கையை நிறுத்தவில்லை. இருட்டும்வரை உரித்தார். காய்களை எருக்குழியில் கொட்டினார். தவசி அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

காலையில் அவர் ஏணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சுண்ணாம்புக் குறி வைத்த பெரிய மரத்தில் ஏணியைச் சாய்த்தார். அந்த வயதில் அவர் மரம் ஏறுவதைப் பார்த்துவிட்டு, தவசி ஓடிவந்து திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

உச்சியில், இலை அடர்த்திக்குள், தொரட்டிக்கு எட்டாமல் முந்தின பூப்பில் காய்த்து நின்றவை இன்னும் தொங்கின. மினுக்கம் இல்லை. தூசி படிந்தது போல மங்கியிருந்தன. பார்த்தால் எந்த வியாபாரியும் கையில் எடுக்க மாட்டான்.

ஒன்றைப் பறித்தார். காதருகே வைத்து ஆட்டினார்.

உள்ளே கொட்டை ஆடியது.

அவள் அப்படி வைத்து ஆட்டுவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்பது இதுதான் முதல்தடவை. கிளையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

“இறங்குங்கப்பா,” என்று கீழேயிருந்து தவசி கத்தினான்.

காயை அரிசிப் பானைக்குள் புதைத்தார். சட்டைப் பையில் இருந்த மடிந்த ஸ்டிக்கரைச் சோற்றுப்பருக்கை வைத்துப் பானையின் மேல் ஒட்டினார். அது அவளுடைய பானை.

*

வெள்ளிக்கிழமை ஒச்சப்பன் வந்தான். அவன்தான் மரம் வெட்டுகிறவன். மெஷின் வாளைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

“ஆரம்பிக்கலாமாண்ணே?”

“அடுத்த வெள்ளி வா.”

“ஏன், இன்னிக்கு நாள் சரியில்லையா?”

“அரிசிப் பானையில ஒண்ணு கெடக்கு. அது பழுக்கணும்.”

மரத்தை வெட்ட மனசு வராதவர்கள் சொல்லும் சாக்குகளை ஒச்சப்பன் நிறையக் கேட்டிருக்கிறான். பேய் இருக்கிறது என்பார்கள். குலசாமி கனவில் வந்தது என்பார்கள். இது புதிதாக இருந்தது. தவசியைப் பார்த்தான். தவசி கையை விரித்தான்.

“அடுத்த வெள்ளி கண்டிப்பா வருவேன்,” என்று சொல்லிவிட்டு வாளைத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்த வாரம் முழுக்க அப்பாவுக்கும் மகனுக்கும் இடையில் அந்தப் பானை இருந்தது. சடையாண்டி போகிற வருகிற போதெல்லாம் அரிசிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். கல்லாக இருந்தது. பயமாக இருந்தது. இதுவும் சுருங்கிவிட்டால் மரத்தைக் காப்பாற்ற அவரிடம் வேறு ஒன்றும் கிடையாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கையை விட்டார்.

விரல் பட்ட இடம் இறங்கிக் கொடுத்தது.

அடுப்படியில் உட்கார்ந்து அறுத்தார். கத்தி தன் போக்கில் இறங்கியது. உள்ளே மஞ்சளாக, தோலோரம் இளம்பச்சையாக இருந்தது. கொட்டை தானாகக் கழன்று விழுந்தது. நாட்டுச்சர்க்கரை தூவினார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

கண்ணை மூடிக்கொண்டார்.

தவசி வாசலில் நின்று பார்த்தான். அவர் கரண்டியை அவனிடம் நீட்டினார்.

அவன் உடனே வாங்கிக்கொண்டான். வாயில் வைத்ததும் அவன் முகம் மாறியது.

“இது அம்மா குடுக்கறது.”

“நீ தின்னிருக்கியா?”

“சின்னதுல. நான் அது சக்கரையோட ருசின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

வெளியே மெஷின் வாளைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

ஒச்சப்பன் முற்றத்தில் நின்றான். “இன்னிக்கு வேற சாக்கு இல்லையே?”

“இல்ல. உக்காரு. இதத் தின்னுட்டுப் போயி வெட்டு.”

மீதிப் பாதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். ஒச்சப்பன் சந்தேகமாகப் பார்த்தான். வெட்டிப்போட்ட மரங்களோடு எத்தனையோ காயை அவன் மிதித்துத் தள்ளியிருக்கிறான். ஒரு கரண்டி எடுத்தான்.

அப்புறம் பேசாமல் தின்றான். தோலோடு ஒட்டியிருந்ததையும் சுரண்டித் தின்றான். தோலைத் திருப்பி ஒருதடவை பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். வாயைத் துடைத்தான்.

வாளைத் தொடவில்லை.

“இன்னொண்ணு இருக்காண்ணே? வீட்டுக்கு எடுத்துட்டுப் போக.”

“இருக்கு.”

“எங்க?”

சடையாண்டி தோட்டத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

“நீ சுண்ணாம்பு வெச்ச மரத்துல.”